போன் அலறும் சோதனை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

போனில் வரும் பேரிடர் எச்சரிக்கையைப் பற்றி நம் பாலாற்றுப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. தொலைபேசித் துறையில் 31 வருஷம் வேலை பார்த்தவன் என்பதால் என்னைப் பதில் சொல்லச் சொன்னார்கள்.

காட்பாடியிலிருந்து ஒரு அம்மா: 2023 அக்டோபர் 20 அன்று போன் சைரன் மாதிரி அலறியது. என் நம்பர் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது?

நம்பரே தேவையில்லை அம்மா. அது எஸ்எம்எஸ் இல்லை, செல் பிராட்காஸ்ட். கோயில் மைக்கில் கூழ் ஊற்றும் நேரத்தைச் சொன்னால் தெருவில் இருக்கிற எல்லோர் காதிலும் விழும் இல்லையா? டவரும் அப்படித்தான், தன் எல்லைக்குள் இருக்கும் போன்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் சொல்கிறது. நெட் வேண்டாம், லைன் நெரிசலும் தடுக்காது. அன்று நடந்தது தமிழ்நாட்டுக்கான சோதனை.

குடியாத்தம்: வீட்டில் மூன்று போன். ஒன்றுக்கு மட்டும் வரவில்லை. அதனால் என்ன, சோதனைதானே?

அந்த ஒரு போனைக் கண்டுபிடிக்கத்தான் சோதனையே வைக்கிறார்கள். மைக் பிடித்தவருக்கு யார் காதில் விழுந்தது என்று தெரியாது, டவருக்கும் தெரியாது. வரவில்லை என்று நீங்கள் சொன்னால்தான் உண்டு.

முதலில் போன் செட்டிங்ஸில் அவசர எச்சரிக்கை என்ற பகுதியைத் திறந்து, சோதனை எச்சரிக்கையும் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். பல போன்களில் அது ஆஃப் ஆகவே வரும். அது சரியாக இருந்தும் வரவில்லையென்றால் போன் மாடல், சிம் கம்பெனி, அப்போது எங்கே இருந்தீர்கள், நேரம் என்ன என்று ஒரு தாளில் எழுதி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பிக் கவுண்டன்ய ஆறு எப்படி வந்தது என்று உங்கள் ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றோரத் தெருவில் ஒரு போன் சும்மா இருந்தாலும் எனக்கு மனசு கேட்காது.

ராணிப்பேட்டை: மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே இதற்குச் சட்டம் கடுமையாமே?

ஆமாம் ஐயா, நான் மதிப்பது அந்தக் கடுமையைத்தான். அங்கே ரேடியோ, டிவி நிலையங்கள் வாராவாரம், மாதாமாதம் எச்சரிக்கைக் கருவியைச் சோதிக்க வேண்டும். 2023 அக்டோபர் 4 அன்று நடந்தது போல நாடு முழுக்கச் சோதனை வந்தால், தகவல் வந்ததா, மறுபடி ஒலிபரப்பினோமா என்று அன்றைக்கே தகவல்தொடர்பு ஆணையத்திடம் பதிய வேண்டும். விவரமான அறிக்கைக்கு 45 நாள்.

இன்னொன்றும் உண்டு. 2018 ஜனவரி 13 அன்று ஹவாயில் ஏவுகணை வருகிறது என்று தவறுதலாக எச்சரிக்கை போய்விட்டது. அது தவறு என்று போனில் திருத்தம் வர 38 நிமிஷம் ஆனது. அதற்குப் பிறகுதான், தவறான எச்சரிக்கை ஒலிபரப்பானது தெரிந்தால் நிலையங்கள் 24 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும் என்று விதி வந்தது. தப்பு நடந்ததை உடனே எழுதிக் கொடுக்கும் இந்தப் பழக்கம் நமக்கும் வேண்டும்.

பேரணாம்பட்டு: எச்சரிக்கை என்று லிங்க் வந்தால் தொடலாமா?

தொடாதீர்கள். உண்மையான எச்சரிக்கை ஓடிபியோ வங்கி விவரமோ கேட்காது. சந்தேகம் வந்தால் 1077க்குக் கூப்பிடுங்கள், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை அது.

வாணியம்பாடி: அப்பாவிடம் பழைய பட்டன் போன். அவருக்கு வருமா?

2023 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு விதி போட்டது. ஆறு மாதத்துக்குப் பிறகு விற்கும் போன்கள், பட்டன் போன் உட்பட, இந்த எச்சரிக்கையைப் பிராந்திய மொழியிலும் வாங்கும்படி இருக்க வேண்டும் என்பது அது. அதற்கு முன் வாங்கிய போனை நம்பி இருக்காதீர்கள். தண்டோராவையும் 2022இல் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், இப்போது ஒலிபெருக்கி வண்டிதான். 1903 வெள்ளத்தைப் பார்த்த ஊர் உங்களுடையது. அடுத்த சோதனையன்று அப்பா பக்கத்தில் இருந்து, அவர் போன் அலறுகிறதா என்று பாருங்கள். அலறவில்லையென்றால் மழைக்காலத்துக்கு முன்பே மாற்றிக் கொடுங்கள்.