ஐஸ்லாந்தில் வாடகைக் கார்: கேளுங்கள், சொல்கிறேன்

தீவைச் சுற்றும் 1,322 கிலோமீட்டர் ரிங் ரோட்டை மூன்று முறை ஓட்டியிருக்கிறேன். ஒருமுறை கார்க் கதவைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுக் காசும் அழுதிருக்கிறேன்.

கே: 15 வருஷமாக இடதுபக்கம் ஓட்டிய கை. அங்கே வலதுபக்கமாமே, தடுமாறுமா அண்ணா?
எதிரே வண்டி வந்தால் தடுமாறாது. காலி ரோடுதான் ஆளைக் கவிழ்க்கும். பெட்ரோல் பங்க்கிலிருந்து வெளியே வரும்போது, காலையில் முதல் திருப்பத்தில், கை பழைய பக்கத்துக்கே போகும். உங்கள் இடது தோள் எப்போதும் நடுக்கோட்டுப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் எடுங்கள், இடதுபக்கம் உட்கார்ந்து வலதுகையால் கியர் தேடுவது தனித் தலைவலி. ஐஸ்லாந்துக்காரர்களும் 1968 மே 26 வரை இடதுபக்கம் ஓட்டியவர்கள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாடே பக்கம் மாறியது.

கே: லைசென்ஸ்?
ஒரிஜினலோடு, ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்டர்நேஷனல் பெர்மிட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: ஸ்பீடு எவ்வளவு?
ஊருக்குள் பொதுவாக 50, சரளை ரோட்டில் 80, தார் ரோட்டில் 90. தார் முடிந்து சரளை தொடங்கும் இடத்தில் முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள். வண்டிகள் உருளுவது அங்கேதான். பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும்.

கே: எந்த இன்சூரன்ஸ் எடுக்கலாம்?
சரளைக்கல் கண்ணாடியில் அடிக்கும், அதற்கு ஒன்று. தென்கரையில் மணல் பறந்து பெயின்ட்டை உரிக்கும், அதற்கு ஒன்று. காற்று கதவைப் பிய்த்தால் பெரும்பாலும் எதிலும் வராது. அதனால் வண்டியின் மூக்கு காற்று வரும் பக்கம் இருக்கும்படி நிறுத்துங்கள், கதவைக் கையால் பிடித்துக்கொண்டே திறங்கள். பின்சீட்டுப் பிள்ளைகளுக்கு நீங்களே இறங்கிப்போய்த் திறந்துவிடுங்கள்.

கே: ரவுண்டானாவில் வெளிவட்டத்தில் போகிறவனுக்குத்தானே முன்னுரிமை? என் மச்சான் ஜெர்மனியில் இருக்கிறார், அவர் சொன்னார்.
மச்சான் ஜெர்மனியில் ஓட்டட்டும். ஐஸ்லாந்தில் இரண்டு லேன் உள்ள ரவுண்டானாவில் உள்வட்டத்தில் இருப்பவர் வெளியேறும்போது வெளிவட்டத்தில் இருப்பவர் வழிவிட வேண்டும்.

கே: அது லாஜிக்கே இல்லையே சார்! வெளியே இருப்பவனைக் குறுக்கே வெட்டிக்கொண்டா போவது?
லாஜிக்கை அவர்களிடம் கேளுங்கள், விதி அதுதான். முதல் வெளிவழியில் பிரிகிறவர் வெளிவட்டத்தை எடுக்கட்டும், மற்றவர் உள்ளே போகட்டும் என்ற கணக்கு. வெளிவட்டத்திலேயே முழுச் சுற்று சுற்றினால் இடி உங்கள் விலாவில்தான்.

கே: சின்னக் காரில் லாண்ட்மன்னாலாய்கர் மலைப்பகுதிக்குப் போகலாமா? மெதுவாகத்தான் ஓட்டுவேன்.
போகும் வழி ‘எஃப்’ எண் போட்ட மலைரோடு என்றால் கூடாது. அதற்கு ஃபோர் வீல் டிரைவ் கட்டாயம், அதுவும் கோடையில் திறந்த பிறகுதான். ஆற்றில் இறக்கி இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் முழுச் செலவும் உங்கள் தலையில்.

கே: ஸ்பீடு லிமிட் சொல்ல முடியுமா?
மேலே.

கே: ‘எய்ன்பிரெய்த் ப்ரூ’ போர்டு எதற்கு?
ஒரு வண்டி மட்டும் போகும் பாலம். முதலில் நெருங்கியவர் முதலில் போவார். சந்தேகமாக இருந்தால் நில்லுங்கள். அருகில் ஆடு நின்றாலும் வேகத்தைக் குறையுங்கள். தாய் இந்தப் பக்கமும் குட்டி அந்தப் பக்கமும் நின்றால் குட்டி கட்டாயம் குறுக்கே ஓடும்.

கே: வானத்தில் பச்சை ஒளி எப்போது தெரியும்?
அது என் துறை இல்லை. பார்க்க வேண்டுமென்றால் ரோட்டை விட்டு, வண்டி நிறுத்த இடம் பார்த்து நிறுத்துங்கள். கதவைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள்.

கே: சார், மச்சானிடம் மறுபடி கேட்டேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.
அவரைப் பின்சீட்டில் உட்கார வையுங்கள்.