மலையில் 50 கிலோ, அம்பையில் 49.700: ஈர்ப்பா, ஈரமா?

கேள்வி: மாஞ்சோலைப் பக்கம் மிளகு வாங்கி அம்பாசமுத்திரத்தில் விற்கிறேன். இரண்டு இடத்திலும் ஒரே எலக்ட்ரானிக் தராசுதான். மேலே 50 கிலோ காட்டிய மூடை, இரண்டு நாள் கழித்துக் கீழே 49.700 காட்டுகிறது. உயரத்தில் புவியீர்ப்பு மாறும் என்கிறார்களே, அதனாலா?

பதில்: இல்லை. ஈர்ப்பு காரணம் என்றால் கீழே வந்ததும் எடை கூடியிருக்க வேண்டும். உங்களுக்கோ குறைகிறது!

இழுவிசை, பூமியின் நிறை, மூடையின் நிறை இரண்டுக்கும் நேர்விகிதத்தில் கூடும். தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். தூரத்தைத் தரையிலிருந்து அல்ல, பூமியின் மையத்திலிருந்து அளக்க வேண்டும். அது சுமார் 6,371 கி.மீ. ஒரு கி.மீ. மலை ஏறினால் தூரம் ஏறக்குறைய 6,400-ல் ஒரு பங்கு கூடும். வர்க்கம் என்பதால் விசை 3,200-ல் ஒரு பங்கு குறையும். 50 கிலோவுக்கு இது சுமார் 16 கிராம். காலடியில் இருக்கும் மலையும் தன் பங்குக்கு இழுப்பதால் உண்மையில் 10 கிராமை ஒட்டியே நிற்கும். மூடை நிறுக்கும் தராசுகள் பலவற்றில் காட்டக்கூடிய மிகச் சிறிய மாற்றமே 10 கிராம்தான்.

வடக்கே கூட்டம் கூடிப் பூமி சாய்ந்ததால் அகத்தியர் பொதிகைக்கு வந்தார் என்பது நம் பக்கத்துக் கதை. தராசுக்கு வடக்கு தெற்கு நிஜமாகவே முக்கியம். பூமி நடுவில் புடைத்திருப்பதாலும் சுழல்வதாலும், டெல்லியில் சரிசெய்த தராசு திருநெல்வேலியில் 50 கிலோவுக்குச் சுமார் 50 கிராம் குறைத்துக் காட்டும். மலை ஏறுவதைவிட இது பெரிது. இரண்டு தட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லையே இல்லை. எடைக்கல்லும் சரக்கும் சேர்ந்தே இலேசாகும்.

உங்கள் 300 கிராம் பெரும்பாலும் ஈரம். 12 சதவீத ஈரமுள்ள மிளகு 11.5-க்கு இறங்கினாலே அவ்வளவு போய்விடும். சணல் சாக்கு அதைத் தடுக்காது. அடுத்த சந்தேகம் தரை. தராசு 5 டிகிரி சாய்ந்தால் 50 கிலோவில் 190 கிராம் குறையும். மட்டக் குமிழி நடுவில் வரும்வரை கால் திருகுகளைத் திருப்புங்கள். கால் மணி நேரம் ஓடவிட்டு, பூஜ்யம் பார்த்து நிறுங்கள்.

முத்திரையிட்ட 20 கிலோ எடைக்கல்லை இரண்டு இடத்திலும் வைத்துப் பாருங்கள். ஒரு மூடையை மட்டும் உள்ளே பாலித்தீன் உறை போட்டு இறுகக் கட்டிக் கொண்டுவாருங்கள். கல் ஒன்றுபோல் காட்டி, உறை போட்ட மூடையும் குறையாமல் வந்தால், போனது தண்ணீர்தான். கல்லே மாறிக் காட்டினால் தராசில் கோளாறு. முத்திரையை உடைத்து நீங்களே திருத்தாமல், உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து மறுமுத்திரை வாங்குங்கள்.