ஹிகோனோகாமி: வாங்கும்போது எதைப் பார்ப்பது, துருவை எப்படித் தடுப்பது?

கேள்வி: ஓசாகாவில் வேலை பார்க்கிறேன். பழம் நறுக்க, பார்சல் பிரிக்க, முகாமுக்குப் போனால் குச்சி சீவ ஹிகோனோகாமி என்ற ஜப்பானிய மடக்குக் கத்தி ஒன்று வாங்க ஆசை. ஒரே மாதிரி தெரிகிற கத்திகளுக்குள் ஏன் இத்தனை விலை வித்தியாசம்? துருப்பிடிக்காமல் வைத்திருக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் பயன்படுத்தியதும் துடைத்து வைக்கிற பழக்கம் வேண்டும். அதற்குப் பொறுமை இல்லையென்றால் எவர்சில்வர் கத்தியே உங்களுக்கு நல்லது.

இந்தக் கத்தி 1890களில் ஹியோகோ மாநிலத்தின் மிக்கி நகரில் பிறந்தது. பென்சில் சீவ, மூங்கில் செதுக்க என்று பள்ளிப் பிள்ளைகளின் பையிலேயே கிடந்த பொருள். 1960 அக்டோபரில் ஜப்பான் சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் அசானுமா இனேஜிரோவை 17 வயதுப் பையன் ஒருவன் மேடையில் குத்திக் கொன்றான். அவன் கையில் இருந்தது குறுவாள்தான், இந்தக் கத்தி அல்ல. ஆனாலும் பிள்ளைகளிடம் கத்தியே கூடாது என்ற இயக்கம் நாடெங்கும் பரவ, பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. இன்று ஹிகோனோகாமி என்ற பெயரைப் பொறித்துச் செய்யும் உரிமை நாகாவோ கானேகோமா பட்டறைக்கு மட்டுமே உண்டு. விலை வித்தியாசத்துக்கு முதல் காரணம் இது: மற்றவை அதே வடிவில் வரும் போலிகள்.

அடுத்த காரணம் எஃகு. மலிவானவை சாதாரண எஸ்கே கார்பன் எஃகில் வரும். அதற்கு மேல் ஆவோகாமி, அதாவது டங்ஸ்டனும் குரோமியமும் சேர்ந்த எஃகு. கூர் நீண்ட நாள் நிற்கும். நான் பரிந்துரைப்பது, நடுவில் ஆவோகாமியும் இருபுறம் மென்மையான இரும்பும் வைத்து அடித்த வாரிகோமி வகை. தீட்டவும் எளிது. பிடி பித்தளையா, கறுப்பு இரும்பா என்பது உங்கள் விருப்பம். கடையில் மடக்கிப் பாருங்கள், அலகு பிடியின் நடுவே இறங்க வேண்டும். ஓசாகாவிலிருந்து மிக்கி பக்கம்தான், நேரில் போய்க் கையில் எடுத்துப் பார்த்தே வாங்கலாம்.

ஒன்று முக்கியம்: இதற்குப் பூட்டு கிடையாது. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நெம்புகோலுக்குச் சிகிரி என்று பெயர். வெட்டும்போது கட்டைவிரல் அதை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் பூட்டு. குத்துவது, நெம்புவது, டப்பா திறப்பது எதற்கும் இது ஆகாது. முதுகுப் பக்கம் அழுத்தம் விழுந்தால் அலகு உங்கள் விரல்மேலேயே மடங்கும்.

எலுமிச்சை, ஆப்பிள் நறுக்கினால் அலகு நீலச்சாம்பலாகக் கறுக்கும். நம் வீட்டு அரிவாள்மனை வாழைக்காய் நறுக்கிக் கறுப்பது போலத்தான். அதைத் தேய்த்து எடுக்காதீர்கள், ஓரளவு துருவைத் தடுக்கும் படலம் அது. செம்பழுப்புத் திட்டு வந்தால் மட்டும் உடனே எடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் ஈரம் போகத் துடைத்து, ஒரு சொட்டு சுபாகி எண்ணெய் (காமெலியா விதை எண்ணெய்) தடவுங்கள். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும், வேண்டாம். ஜூன் மழைக்காலத்தில் மடக்கிய கத்தியின் உட்புறத்தையும் பாருங்கள். ஈரம் தங்குவது அங்கேதான்.

தீட்டும்போது அலகின் சரிவு முழுவதும் சாணைக்கல்லில் படிய வேண்டும். 1000 எண் கல்லில் (எண் கூடக்கூடக் கல் நுண்மையாகும்) பிசிறு எழும்வரை தீட்டி, அப்புறம் 3000 அல்லது 6000 கல்லில் முடியுங்கள். விளிம்பு பொடிந்தால் கடைசியில் மட்டும் கோணத்தைச் சற்று உயர்த்தி இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். அலகு தொளதொளத்தால் ரிவெட்டை உறுதியான இரும்பின்மேல் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள், ஒவ்வொரு தட்டுக்கும் மடக்கிப் பார்த்துக்கொண்டே.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் 6 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலகுள்ள கத்தியைத் தக்க காரணமின்றி எடுத்துச் செல்வது குற்றம். சில மடக்குக் கத்திகளுக்கு விலக்கு உண்டு என்று நம்பிக் கிளம்பாதீர்கள், சிறிய கத்தியைக் காரணமின்றி மறைத்து வைத்திருந்தாலும் சிறு குற்றச் சட்டம் பாயும். தற்காப்பு என்பது காரணமாகாது. முகாமுக்குப் போகும் நாளில் மட்டும் துணியில் சுற்றிப் பையின் அடியில் வையுங்கள். திரும்பியதும் வீட்டில் எடுத்து வைத்துவிடுங்கள்.