ஏடிவிக்கு கம்பெனி டயரா, வெளி டயரா?

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பில் ஓட்ட 570 சிசி, ஃபோர் வீல் டிரைவ் ஏடிவி (கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் நாலு சக்கர வண்டி) வைத்திருக்கிறேன். டயர் முன்னால் 25×8-12, பின்னால் 25×10-12 (முதல் எண் டயரின் உயரம், இன்ச்சில்). வேலியோர முள் குத்தி அடிக்கடி பஞ்சர். பின் டயரில் பட்டனும் தேய்ந்துவிட்டது. அதே கம்பெனி டயரை வாங்குவதா, கடைக்காரர் சொல்கிற 27 இன்ச் மட் டயரை (சேற்றுக்கான டயர்) போடுவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். இப்போதிருக்கும் அதே அளவில், 6 பிளை ரேட்டிங் (டயரின் உறுதியைக் காட்டும் எண்) உள்ள வெளி டயர், அதாவது வண்டிக் கம்பெனி போடாத வேறு டயர், வாங்குங்கள். பட்டன் நடுத்தர ஆழத்தில் இருக்கட்டும்.

கம்பெனி டயர் மட்டம் என்பதால் இதைச் சொல்லவில்லை. மண், புல், சரளை எல்லாவற்றிலும் ஓட வேண்டும், குலுக்கக் கூடாது, எடையும் ஏறக் கூடாது என்று பார்த்துப் போடும் டயர் அது. அதனால் பக்கச்சுவர் பெரும்பாலும் மெல்லிசாக இருக்கும். முள் தொல்லை இல்லாத இடமாக இருந்தால் அதையே திரும்ப வாங்கச் சொல்லியிருப்பேன்.

வாங்குவதற்கு முன் பழைய டயரில் ஓட்டைகள் எங்கே விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். பட்டன் பகுதியில் விழுந்ததற்கு பிளக் (ஓட்டையில் செருகும் ரப்பர் அடைப்பு) போதும். பக்கச்சுவரில் விழுந்ததை பிளக் வைத்து நம்பி ஓட்ட முடியாது. அங்கேதான் 6 பிளை கை கொடுக்கும். சவாரி கொஞ்சம் விறைப்பாகும், ஸ்டீயரிங்கும் சற்று கனக்கும். முள்காட்டில் அது தாங்கக்கூடியதே.

27 இன்ச் போட்டால் தரையிலிருந்து வண்டி உயர்வது 1 இன்ச்தான். ஆனால் டயர் ஒரு சுற்றுக்கு 8 சதவீதம் கூடுதல் தூரம் போவதால், கியரைக் கூட்டியது போல் இழுவை குறையும். பாரம் இழுக்கும்போது சிவிடி பெல்ட் (எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குக் கடத்தும் ஆட்டோமேட்டிக் கியரின் பெல்ட்) சூடாகும். திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசலாம். ஸ்பீடோமீட்டர் 25 காட்டும்போது வண்டி 27-ல் போய்க்கொண்டிருக்கும். வண்டியின் எடை மையம் உயர்வதால் வரப்புச் சரிவில் கவிழும் ஆபத்தும் கூடுகிறது. எனக்குப் பெரிய கவலை இதுதான். மட் டயரின் ஆழமான பட்டன் தோப்பு மண்ணைத் தோண்டும், சொட்டுநீர்க் குழாயையும் கிழிக்கும். வருடம் முழுக்கச் சேற்றில் நிற்கும் வண்டிக்குத்தான் அது பொருந்தும்.

பின் டயர்தானே தேய்ந்திருக்கிறது என்று இரண்டை மட்டும் மாற்றாதீர்கள். ஃபோர் வீல் போட்டு ஓட்டும்போது முன்னும் பின்னும் சுற்றளவு ஒத்துப்போகவில்லை என்றால் டிஃபரன்ஷியலும் ஆக்சிலும் அடி வாங்கும். 25 என்று அச்சிட்டிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி உண்மையான அளவு கொஞ்சம் மாறும். எனவே நான்கையும் ஒரே மாடலில் வாங்குங்கள். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

கெட்டி டயர்தானே என்று காற்றை ஏற்றிவிடவும் வேண்டாம். ஏடிவிக்குப் பொதுவாக 5 முதல் 7 பிஎஸ்ஐ. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது அதில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் இருக்கும். பெட்ரோல் பங்க் கேஜ் இவ்வளவு குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது. 0 முதல் 15 வரை அளக்கும் சின்ன கேஜ் ஒன்று வாங்கி, காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.