தண்டம் கட்டி முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்

திருகோணமலை மாவட்டத்து வெருகல் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இலங்கையின் பூர்வகுடிகளான கரையோர வேடர் குடும்பம். பாட்டன் காலம் தொட்டுச் சேனை (காடு வெட்டி, இடம் மாற்றி மாற்றிச் செய்யும் பயிர்) செய்து, தேன் எடுத்து, சடங்கு வைத்த காடு. 2006 சண்டையில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வளவையும் சேனையையும் பற்றை மூடியிருந்தது, வன இலாகா எல்லைக்கல் நட்டிருந்தது. பற்றை வெட்டிய மகன் மீது நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு. "காட்டைக் காத்து வைத்திருந்தவர்களே நாங்கள்தானே, எங்களையா துரத்துவது?" என்று கேட்கிறார். அடுத்த தவணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டிவிட்டு, அப்புறம் ஆதிவாசி உரிமை கேட்டு வழக்குப் போட யோசிக்கிறார்.

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா வந்தபோது தம்பானை வேடர்களில் பெரும்பாலானோரை மகாவலிக் குடியேற்றமான ஹேனானிகலவுக்கு அனுப்பினார்கள். வயல் கிடைத்தது, ஆனால் வேட்டையாடிய காட்டுக்குள் கால் வைத்தால் குற்றம் என்றானது. அது அநீதி என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் நீதவான் முன் இதைச் சொல்லிப் பயனில்லை. பூர்வகுடிகளுக்குக் காணி உரிமை தரும் தனிச்சட்டம் இந்த நாட்டில் இல்லை. பூர்வகுடிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா.வின் 2007 பிரகடனத்துக்கு இலங்கை ஆதரவாக வாக்களித்தது, ஆனால் அதைக் காட்டி இங்கே காணி மீட்க முடியாது. நீண்டகாலம் இருந்ததால் கிடைக்கும் ஆட்சியுரிமை அரசுக்கு எதிராக ஓடாது. போதாததற்கு, அரச காணி அத்துமீறல் பற்றிய 1840ஆம் ஆண்டுச் சட்டம் காட்டோடு சேனையையும் அரசினுடையது என்ற ஊகத்தில்தான் தொடங்குகிறது.

எனவே பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அதை ஒதுக்கக் காடு என்று அறிவித்த வர்த்தமானிக்கு முந்திய திகதியில், அரசு உங்கள் குடும்பத்துக்குக் கொடுத்த எழுத்து ஏதாவது இருக்கிறதா? காணி பெர்மிட் (அனுமதிப்பத்திரம்) யுத்தத்தில் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தின் காணி லெட்ஜரைப் பாருங்கள். வர்த்தமானி அட்டவணையில் உள்ள எல்லையை உங்கள் துண்டோடு நில அளவையாளரை வைத்து ஒப்பிடுங்கள். கல் நட்ட இடமும் வர்த்தமானி எல்லையும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

இனி, நீங்கள் விழப்போகும் குழி. வழக்குக்கு அலைவதை விடத் தண்டம் மலிவு என்று ஒப்புக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒப்புக்கொண்ட அன்றே, அது ஒதுக்கக் காடு, அதற்குள் அனுமதியில்லாமல் வெட்டினேன் என்று மகன் தன் வாயாலேயே பதிவாக்கிவிடுகிறார். அடுத்து 1979ஆம் ஆண்டின் அரச காணி (உடைமை மீளப்பெறல்) சட்டத்தின் கீழ் வெளியேறும் அறிவித்தல் வரலாம். அந்த வழக்கில் நீங்கள் காட்டக்கூடியது செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் அல்லது சட்டப்படியான வேறு எழுத்து அதிகாரம் மட்டுமே. வெளியேற்றக் கட்டளைக்கு மேன்முறையீடும் கிடையாது. மீளாய்வுக்குப் போனால் பழைய ஒப்புதலை எதிர்த்தரப்பு எடுத்துப் போடும். அதை அழிக்க என்னால் முடியாது, வேறு எந்தச் சட்டத்தரணியாலும் முடியாது.

இன்னொரு குழி: உரிமையைக் காட்டுவதாக நினைத்து மறுபடி பற்றை வெட்டுவது. இப்போது ஒரு கொப்பும் வெட்ட வேண்டாம். 'அத்துமீறிக் குடியிருப்பவர்' என்று எழுதிய எந்தப் படிவத்திலும், மாற்றுக் காணி தருவோம் என்று சொன்னாலும், வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அந்த மாதத்துக்குள் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் வராது. ஆனால் முறைப்பாட்டு ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் இருந்தவர்களின் மனு தள்ளுபடியாகியிருக்கிறது. விசாரணை நடப்பதற்கு எழுத்தில் சான்று வாங்கி வையுங்கள்.

அந்த எழுத்து ஆவணம் கிடைக்கவில்லை என்றால், கோபம் வரும் என்று தெரிந்தும் சொல்கிறேன்: சமரசத்துக்குப் போங்கள். சேனைக் காடு முழுவதையும் கேட்டு வளவையும் இழக்காதீர்கள். வீட்டு வளவு, கிணறு, நிரந்தரப் பயிர், சடங்கு வைக்கும் இடம், தேனுக்குப் போகும் பாதை, இவற்றைக் கேளுங்கள். தனியாகப் போகாமல் ஊராகச் சேர்ந்து, மாவட்டச் செயலாளர் ஊடாகக் கேளுங்கள். "நீங்கள் இருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அதிகாரி வாயால் சொல்வது அவர் இடமாற்றம் போகும் வரைதான். எல்லை திருத்தம் வர்த்தமானியில் வந்தால்தான் அது விடுவிப்பு. அதுவரை மகன் ஒவ்வொரு தவணைக்கும் போய், குற்றவாளி அல்ல என்றே சொல்லட்டும்.