அந்த 40 கேம்கள் யாருடையவை?

கேள்வி: வீடியோ கடை, கேம் கடை எல்லாம் மூடி, எல்லாமே ஆன்லைனுக்கு வந்துவிட்டது. நல்லதுதானே? நான் இதுவரை 40 கேம் வாங்கியிருக்கிறேன், வீட்டில் ஒரு டப்பா கிடையாது. பழைய கடைகளை நினைத்துச் சிலர் ஏன் ஒப்பாரி வைக்கிறார்கள்?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கடைக்காக ஒப்பாரி வைக்க நானும் தயாரில்லை. அமெரிக்காவில் வீடியோ கேசட் வாடகைக்கு விட்ட பிளாக்பஸ்டர் நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1985-ல் டல்லஸில் ஒரு கடை. 2004-ல் 9,000-க்கும் மேல். கேசட்டை லேட்டாகத் திருப்பித் தருகிறவர்களிடம் வசூலித்த அபராதத்திலேயே கொழுத்த நிறுவனம் அது. ஜனங்கள் திட்டித் தீர்க்கவே, 2005-ல் ‘இனி லேட் ஃபீஸ் இல்லை’ என்று விளம்பரம் செய்தார்கள். கெடு தாண்டி ஒரு வாரம் ஆனால், அந்தப் படத்தை நீங்கள் விலைக்கு வாங்கியதாகவே கணக்கெழுதி கார்டில் பணத்தை எடுத்துக்கொள்வார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அலறியடித்து ஓடிப்போய்த் திருப்பிக் கொடுத்தால் பணம் வரும், 1.25 டாலர் பிடித்தம் போக. பல மாநிலங்கள் சேர்ந்து நெருக்கியதும் சமரசத்துக்கு வந்தார்கள். 2000-ல் நெட்ஃபிளிக்ஸ் 5 கோடி டாலருக்குத் தன்னையே விற்கத் தயாராக வந்து நின்றபோது, வேண்டாமென்று அனுப்பி வைத்த புண்ணியவான்களும் இவர்கள்தான். 2010-ல் திவால். இன்றைக்கு ஓரிகன் மாநிலத்தின் பெண்ட் நகரில் ஒரே ஒரு கடை மிஞ்சியிருக்கிறது.

டெக்கையும் நாலு கேசட்டையும் ஒரு ராத்திரி வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி விடிய விடியப் பார்த்த தலைமுறை நான். ரீவைண்ட் செய்யாமல் கொண்டுபோனால் கடைக்காரர் ஒரு முறை முறைப்பார். அந்த முறைப்புக்கெல்லாம் ஏங்க முடியாது.

எனக்கு உறுத்துவது உங்கள் கடிதத்தில் இருக்கிற ‘வாங்கியிருக்கிறேன்’ என்ற சொல்தான்.

1908-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக்கூடாது என்று நாவலுக்குள்ளேயே அச்சடித்திருந்தது ஒரு பதிப்பகம். மேசிஸ் கடைக்காரர்கள் அதை 89 செண்டுக்கு விற்றார்கள். விற்று முடித்த பொருள்மேல் உனக்கு என்ன அதிகாரம் என்று பதிப்பகத்தைத் திருப்பி அனுப்பியது கோர்ட். காசு கொடுத்து வாங்கிய கேசட்டை, படக் கம்பெனியிடம் கேட்காமலே வாடகைக்கு விட அங்குள்ள கடைக்காரர்களால் முடிந்தது இந்தக் கொள்கையால்தான். கேம்ஸ்டாப் போன்ற கடைகள் பழைய டிஸ்க்கை எடுத்துக்கொண்டு புதுசுக்கு விலை குறைத்ததும் அதனால்தான்.

என் அக்கா மகன் பள்ளிக்கூட நாட்களில் ஒரு கேமை முடித்ததும் டிஸ்க்கைச் சட்டைத் துணியால் துடைத்து, கீறல் தெரியாத கோணத்தில் பிடித்துக் காட்டி, பாதி விலைக்குத் தள்ளிவிட்டு வருவான். கொஞ்சம் காசு சேர்த்தால் அடுத்தது. இப்போது அவன் கன்சோலில் டிஸ்க் போட வாயே கிடையாது. விளையாடி முடித்த கேம்கள் வரிசையாக அப்படியே கிடக்கின்றன. விற்கவும் முடியாது, யாருக்கும் தூக்கிக் கொடுக்கவும் முடியாது.

ஆன்லைனில் விற்பனையாவது பெரும்பாலும் அனுமதி மட்டும்தான். டிஸ்கவரி நிகழ்ச்சிகளைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே அவற்றை நீக்கப்போவதாக 2023 டிசம்பரில் சோனி அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பி, பிறகு பின்வாங்கியது. 2014-ல் வெளியான ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வரை அதைத் தயாரித்த யுபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச்சில் நிறுத்தியது. ஒற்றை ஆளாக விளையாடக்கூட சர்வர் வேண்டிய கேம் அது. டிஸ்க்கைப் பத்திரமாக வைத்திருந்தவருக்கும் அதே கதிதான் என்பதையும் சொல்லியாக வேண்டும்; டப்பா இருந்தால் மட்டும் தப்பித்துவிட முடியாது.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. விற்றவரே பிறகு பிடுங்கிக்கொள்ளக்கூடிய டிஜிட்டல் சரக்குக்கு ‘வாங்கு’ என்று பொத்தான் வைத்தால், இது வெறும் உரிமம் என்று வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அந்தச் சட்டம் அமலுக்கு வரும் முன்பே, கேம் விற்கும் ஸ்டீம் தளம் பணம் கட்டும் பக்கத்தில் அப்படி ஒரு வரியைச் சேர்த்துவிட்டது. நீங்கள் அங்கே வாங்கியிருந்தால் பார்த்திருப்பீர்கள். பார்த்தும் கடந்து போயிருப்பீர்கள்.

இடம் மிச்சம்தான், மறுக்கவில்லை. அடுத்த வீட்டுப் பையன் லீவுக்கு வந்து, ‘அண்ணே, ஒரு கேம் குடுங்க, ரெண்டு நாள்ல தந்துடுறேன்’ என்று கேட்டால், அந்த நாற்பதில் ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.