கியர் மாத்தினா 'டொக்'னு சத்தம், கியர்பாக்ஸை இறக்கணுமா?

கேள்வி: அண்ணே, பர்மாவுல தட்டோன்ல இருந்து எழுதறேன். பழைய ஜப்பான் டிரக், பின்வீல் இழுக்கிற வண்டி. மோல்மேனுக்கு லோடு ஏத்திட்டுப் போறப்ப ஒண்ணுல இருந்து ரெண்டுக்கு மாத்தினா தூக்கிப் போடுது, அடியில 'டொக்'னு சத்தம். கிளட்ச் பிளேட் புதுசு. ஒர்க்‌ஷாப்ல கியர்பாக்ஸை இறக்கணும்ங்கிறாங்க. இறக்கவா?

பதில்: அவசரப்படாதீங்க தம்பி, மொதல்ல வண்டிக்கு அடியில பாருங்க. கியர்பாக்ஸ்ல இருந்து பின்னாடி டிஃபரென்ஷியலுக்கு (பின் அச்சு நடுவுல, ரெண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிச்சுக் குடுக்கிற பல்சக்கரப் பெட்டி) போற நீளக் குழாய்தான் டிரைவ் ஷாஃப்ட். ரோட்டுப் பள்ளத்துல பின்பக்க அச்சு மேலயும் கீழயும் ஆடும்ல, அப்ப ஷாஃப்டோட சாய்வும் மாறும் நீளமும் மாறும், சாய்வுக்கு ரெண்டு முனையிலயும் கூட்டல் குறி மாதிரி இருக்கிற கிராஸ் ஜாயின்ட், நீளத்துக்கு உள்ள போய் வர்ற பல்லு வெட்டின துண்டு. கிராஸுக்கு நாலு கை, ஒவ்வொண்ணுலயும் ஒரு கப், கப்புக்குள்ள ஊசி ஊசியா பேரிங். நம்ம ஊரு மழையில முழங்கால் தண்ணியில வண்டி ஓட்டறோம், கப்புக்குள்ள தண்ணி போய் கிரீஸ் கெட்டுச்சுன்னா ஊசி தேஞ்சு லூஸ் விழுந்துரும்.

கிளட்சை மிதிச்சா ஷாஃப்டுல இழுவை போயிடும், விட்டதும் கிராஸ், பல்லு, டிஃபரென்ஷியல்னு அங்கங்க இருக்கிற லூஸெல்லாம் ஒரே நேரத்துல இறுகும், அந்த இடிதான் உங்களுக்குக் கேக்குது. சின்ன கியர்ல முறுக்கு ஜாஸ்தி, அதான் அங்க பலமா அடிக்குது.

சமதரையில நிறுத்தி, இஞ்சினை அணைச்சு, நாலு சக்கரத்துக்கும் ரெண்டு பக்கமும் கட்டை வச்சு, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரல்ல வைங்க. கிராஸுக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை, எதிரெதிரா திருகுங்க. அந்த இடத்துல துளி கூட ஆடக் கூடாது, டிஃபரென்ஷியல் பக்கம் லேசா ஆடினா பரவாயில்லை. கப்பு ஓரத்துல செங்கல் பொடி மாதிரி துரு தெரிஞ்சா அந்த கிராஸ் முடிஞ்சது, மாத்திடுங்க. கிராஸ் நல்லா இருந்தா கியர்பாக்ஸைத் தாங்கற மவுண்ட் ரப்பர் கிழிஞ்சிருக்கான்னு பாருங்க, அதுவும் இப்படித்தான் இடிக்கும்.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கிறேன், ஷாஃப்டைக் கழட்டறதுக்கு முன்னாடி, பல்லுல கோத்திருக்கிற ரெண்டு துண்டுலயும் சேர்ந்து வர்ற மாதிரி பெயிண்டால ஒரு கோடு போடச் சொல்லுங்க. சாஞ்சிருக்கிற கிராஸ் ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வேகம் கூடிக் குறையும், அதை அடுத்த முனை கிராஸ்தான் சரிக்கட்டுது, ரெண்டு முனையும் பழைய நேர்லயே கோத்திருந்தாத்தான் அது நடக்கும். எங்க வண்டியில கோடு போடாம பல்லு மாத்திக் கோத்துட்டாங்க, ரங்கூன்ல இருந்து பெகு போற வரைக்கும் சீட்டே அதிர்ந்துச்சு.

கேள்வி: முன்வீல் கார், ஸ்டியரிங் முழுசா ஒடிச்சா 'டக் டக்'ங்குது?

பதில்: வெளிப்பக்க சி.வி. ஜாயின்ட், அதாவது முன்சக்கரம் திரும்பினாலும் இழுவையை ஒரே வேகத்துல குடுக்கிற மூட்டு. ரப்பர் உறை கிழிஞ்சிருக்கும், கிரீஸ் சக்கரத்துக்கு உள்பக்கமா தெறிச்சிருக்கும் பாருங்க. சத்தம் வந்தப்புறம் உறையை மட்டும் மாத்திப் பிரயோஜனமில்லை, ஜாயின்டையே மாத்துங்க.